இணைப்பு வேண்டாம்

ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளருக்குப் பள்ளிக்கூடத்தில் 'சங்கத்து ஆள்' என்று பெயர். சங்கத்தில் 'பள்ளிக்கூடமே கதி' என்று பெயர். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட சக செயலாளர்களே, இது உங்களுக்காக.

திருமழிசைப் பக்கம் நான் வேலை பார்ப்பது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் குறைவு என்று சொல்லி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய பள்ளியோடு இணைக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்தது. சீர்திருத்தமாம். எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தினமும் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பத்தும் ஒன்றும்

சங்கத்தின் கோரிக்கை மனுவைப் பெற்றோரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கும் செல்வி, மூன்றாம் வகுப்பு யமுனாவின் அம்மா, முதல் வரியிலிருந்து படித்தாள். அகவிலைப்படி, பழைய ஓய்வூதியம், ஊக்க ஊதியம் என்று இறங்கி, பள்ளி இணைப்புக்கு வந்தபோது எண் பதினொன்று. மனுவை எழுதியவளே நான்தான். கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் கேட்டாள்: "இன்னா டீச்சர், பத்து உங்களுக்கு, கடைசில ஒண்ணு எங்க புள்ளைங்களுக்கா?"

சந்தா

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே பதினொன்றை ஒன்றாக்கித் தட்டச்சு செய்தேன். அம்பத்தூரில் நடந்த கூட்டத்தில் சங்கத் தலைவர் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை. அவர் போன் செய்தால் எந்தக் கட்சிக்காரரும் எடுப்பார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் அதிகாரிகளாக உட்காரப் போவது நாங்கள்தானே. "அந்த போனை இதுவரை நமக்காகவே போட்டோம், ஒரு தடவை பிள்ளைங்களுக்காகப் போடுங்க சார்" என்றேன். பொறுமையாகப் பதில் சொன்னார்: "டீச்சர், பிள்ளைங்க சங்கத்துக்குச் சந்தா கட்டறதில்ல."

கழட்டிட்டேன்

சரி, தனி மனு. தலைப்பில் பெரிதாக 'இணைப்பு வேண்டாம்' என்று போட்டு, பெற்றோரின் கையெழுத்துத் தாள்களைப் பின்னால் குத்தி, பூந்தமல்லியில் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், கோப்பில் என் ஒற்றைத் தாள் மட்டும் இருக்கிறது. அலுவலகத் தமிழில், கடிதத்தோடு சேர்த்து வைக்கும் தாள்களுக்கும் 'இணைப்பு' என்றுதான் பெயர். அதை நான் மறந்துவிட்டேன், எழுத்தர் மறக்கவில்லை: "நீங்கதானே மேடம் இணைப்பு வேண்டாம்னு எழுதியிருந்தீங்க, அதான் பின்னாடி இருந்ததையெல்லாம் கழட்டிட்டேன்."

நிறுத்தி வைப்பு

மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த முறை செல்வியும் வந்தாள். தாள்களோடு தலைவர் வீட்டுக்கே போனோம். அவள் மனுவைப் பற்றிப் பேசவே இல்லை. பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு நாள் வந்து, யமுனா கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் காட்டும்படி தலைவரிடம் சொன்னாள். வந்தார். பத்து நிமிஷம் ஓரத்திலேயே நின்றார். அங்கிருந்தபடியே போனை எடுத்தார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது: மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ச் செல்வியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள்: "நிறுத்திதான் வெச்சிகீறாங்க டீச்சர், உட்டுடல."

அதன்பின் வந்த சங்கத் தேர்தலில் என் பதவி போனது, பள்ளிக்கூடம் போகவில்லை. மறு உத்தரவு வரட்டும், சாதாரண உறுப்பினராகவே வழிமறிக்கிறேன்.