கிருமி வயல்

இரசாயன உரம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று கொழும்பில் முடிவெடுத்த ஆண்டின் பெரும்போகம் அது. பழுகாமத்து வட்டையில் வயல்கள் எல்லாம் மஞ்சளித்துக் கிடந்தன. கலாஜினியின் அரை ஏக்கர் மட்டும் பச்சையாக நின்றது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கட்டாருக்குப் போன கணவனிடமிருந்து ஆறு ஆண்டுகளாக ஓர் அழைப்பும் இல்லை. யூரியா வாங்க வழியில்லாமல், தன் வயலில் விளைந்த சிவப்பு நெல்லையே திரும்பத் திரும்ப விதைத்து வந்தாள்.

"ஒளிச்சு வெச்ச யூரியாவுல எங்களுக்கும் ஒரு கை தாவன்கா," என்றாள் பக்கத்து வயல் சீனிப்பிள்ளை. பகிடியாகத் தொடங்கிய பேச்சு ஒரே கிழமையில் பதுக்கல்காரி என்ற பட்டமாயிற்று.

பழி தீர வேண்டுமென்று, நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கஜானியிடம் தன் பயிரைச் சோதிக்கச் சொன்னாள். கஜானி பத்துப் பயிரை வேரோடு பிடுங்கிப் போனாள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கலாஜினிக்குக் கிடைத்தது தொலைபேசிப் பேச்சு மட்டுந்தான்.

"அக்கா, உங்கட பயிரின்ட வேருக்குள்ளயும் தண்டுக்குள்ளயும் ஒரு நல்ல கிருமி குடியிருக்கு. காத்துல இருக்கிற நைதரசனைப் பிடிச்சுப் பயிருக்குக் குடுக்குது. யூரியா கொட்டாத மண்ணிலதான் அது நல்லா வேலை செய்யும்."

கமக்காரர் கூட்டத்தில் கலாஜினி முகக்கவசத்தோடு எழுந்தாள். "நான் ஒண்டும் ஒளிக்கல்ல. என்ட நெல்லுக்குள்ள கிருமி இருக்கு."

'நல்ல' என்ற சொல்லைப் பதற்றத்தில் விழுங்கிவிட்டாள். கொரோனாவில் செத்தவரின் முகத்தைக்கூடப் பார்க்க விடாத காலம் அது. பக்கத்தில் இருந்தவர்கள் கதிரையை நகர்த்தினார்கள்.

"எங்கட வயலுக்கும் பரப்பப் போறியா புள்ள?" என்று கேட்டார், நீர்ப்பங்கீடு பார்க்கும் வட்டவிதானை கோணாமலை.

"இல்லண்ணன், அது நல்ல கிருமி."

"கிருமியிலயும் உயர்ந்தது தாழ்ந்தது இருக்கோ?"

மனிதரில் மட்டும் அதைப் பிரித்து வைத்திருப்பவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள், அவள் வயலின் தண்ணீர் தன் வயலுக்கு இறங்கும் வக்கடையைச் சீனிப்பிள்ளை சேற்றால் அடைத்தாள். அறுவடைக்கு வெட்டு மெசினோடு வந்த பாறூக் வரம்பிலேயே நின்றுவிட்டார்.

"எனக்குப் பயமில்ல தங்கச்சி. இதுக்குள்ள இறங்கினா மத்த வயலுக்குள்ள விடமாட்டாங்களாம்."

"நீங்க போங்க நானா. உங்கட பிழைப்பையும் கெடுக்க ஏலாது."

கஜானியை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பத்துப் பயிரும் எங்கோ ஒரு குளிரூட்டியில் இலக்கம் ஒட்டிப் பத்திரமாக இருந்தன. கலாஜினி அரிவாளோடு தனியே இறங்கினாள். ஒன்பதாம் நாள் மழை பிடித்து, அறுக்காத பகுதி சாய்ந்து முளைத்தது. மில்காரனும் அவள் நெல்லை வாங்கவில்லை, உரலில் குற்றினாள்.

சீனிப்பிள்ளையின் வயலில் பதர்தான் கண்டது. அவள் வீட்டில் உலை வைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, கலாஜினி ஒரு சுளகு அரிசியை அவளது வேலியடியில் வைத்துவிட்டு வந்தாள். பின்னேரம் போய்ப் பார்த்தபோது, அரிசியின் மேல் கிருமி கொல்லும் குளோரின் தூள் தூவியிருந்தது.

சுளகை வீட்டுக்கு எடுத்து வந்து அரிசியை நான்கு தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். மணம் போகவில்லை.