பூசாத வீட்டில் சமையல் வேலை

சிவகாசியில் பணக்காரர்கள் புதிதாகக் குடியேறிய தெரு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் பஸ்ஸில் வந்து அந்த வீடுகளைப் படம் பிடிப்பார்கள். அப்படியொரு ஞாயிறன்று அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் முதலாளி வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தீபாவளி சீசன் சூடுபிடிப்பதற்குள் அவளை அங்கிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுதல்.

வீட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பாவம்லே, பூசுறதுக்குள்ள கைக்காசு தீந்துபோச்சு போல."

"இப்ப இதாம்மா ஸ்டைலு."

"சுண்ணாம்பாவது அடிச்சிருக்கலாம்."

வாசலைக் கண்டுபிடிக்க மதில் சுவரை ஒரு சுற்றுச் சுற்றினோம். கடைசியில் வாட்ச்மேன் சுவரில் ஓரிடத்தைத் தள்ளினார். அதுதான் கதவாம்.

முதலாளியம்மா நல்ல மனுஷி. "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, தானே அடுப்படியைக் காட்டினார். வீட்டின் நடுவயிற்றில் இருந்தது. வெளிச்சம் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக இறங்கியது. வெளியே இருந்து பார்த்தால் அடுப்படி இருப்பதே தெரியாது என்றார் பெருமையாக.

அம்மா அடுப்பைப் பார்க்கவில்லை. சுவர்களைப் பார்த்தாள். "பின்வாசல் எங்கன இருக்கு?"

"வைக்கலம்மா. சுவரோட அழகு போயிரும்னு ஆர்க்கிடெக்ட் சொல்லிட்டாரு."

அம்மா கும்பிட்டாள். "எனக்குத் தோதுப்படாதும்மா. வாரோம்."

தெருவுக்கு வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "வெடிமருந்துக்குள்ள கெடந்து சாகணும்னு ஒனக்குத் தலையெழுத்தா? இது வீடும்மா, பட்டாசு ரூம் இல்ல!"

"கேஸ் இருக்குல்ல? எங்க ரூமுக்கு ரெண்டு பக்கமும் வாசல் உண்டு."

"வாசல் இருந்தாப் போதுமா?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ வயித்துல இருந்தப்ப எங்க ரூம் பத்திக்கிருச்சு. முன்வாசலுக்கு ஓடுனவுக ஒருத்தரும் வெளிய வரல. நான் பின்வாசல் பக்கம் உக்காந்திருந்தேன். அம்புட்டுதான்."

இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் வந்தது. அம்மா தூக்குவாளியோடு ஏறினாள். வேன் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். வழக்கமாக நிற்பதில்லை. பயமாக இருந்தது.

அச்சகத்தில் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். "என்னப்பா, அம்மாவுக்கு எங்க வீடு பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார்," என்றேன். "அவுகளுக்குச் சமையல்தான் அவ்வளவா வராது."