ஓடாத மீற்றரும் மாற்றாத ஒயிலும்

திருகோணமலைத் துறைமுக வாசலில் ஒரு சின்னக் கொட்டில். அதற்குள் இருந்து முப்பத்திரண்டு வருடம் லொறி மீற்றர் பார்த்து எழுதியவர் என் சம்பந்தி தர்மசீலன். லொறி வெளியே போகும்போது ஒரு இலக்கம், திரும்பி வரும்போது ஒரு இலக்கம். லொறிக்குள் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. யானையைக் கட்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தாலும் அவர் இலக்கத்தைத்தான் பார்த்திருப்பார்.

களவாகச் சொந்த ஓட்டம் ஓடுகிற சாரதிமார் மீற்றர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள், வாசலுக்குக் கிட்ட வந்ததும் பூட்டிக்கொள்வார்கள். அப்படிப் பதினொரு பேரை அவர் பிடித்திருக்கிறார். பதினொரு பேரின் பெயரையும் இன்றைக்கும் சொல்லுவார். ஒவ்வொரு லொறியின் கேபிளிலும் கம்பி சுற்றி ஈய முத்திரை குத்துவதும் அவர் வேலைதான். ஓய்வு பெற்று வந்தபோது எல்லாருக்கும் கொடுக்கிற மணிக்கூட்டோடு, யாரும் கொடுக்காத முத்திரைக் குறடும் பாலையூற்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதே வருடம் கார் வாங்கினார். வெள்ளைக் கார், ஜப்பானில் செய்தது, என் மகள் ஜதுசாவுக்கு அக்கா முறை வரும் வயது. அடுத்த கொஞ்சக் காலத்தில் நாட்டுக்குள் புதுக் கார் வருவது நின்றது. பழைய கார்களுக்கு மாப்பிள்ளை விலை வந்தது. ஒரு லட்சம் கிலோமீற்றருக்குள் ஓடிய கார் என்றால் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். தர்மசீலன் ஒருநாள் காலையில் காருக்கு அடியில் படுத்தார். அதோடு மீற்றர் எண்பத்தெட்டாயிரத்து நூற்று நாற்பதில் நின்றது. அதற்குப் பிறகு கார் கண்டிக்குப் போனது, மட்டக்களப்புக்குப் போனது, மாதம் இரண்டு தரம் வெருகலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தது. மீற்றர் மட்டும் பாலையூற்றை விட்டு வெளிக்கிடவில்லை.

வேகம் காட்டுகிற முள்ளும் அதோடு படுத்துவிட்டது. மூதூர் ரோட்டில் மாடுகள் பயந்து வயலுக்குள் பாயும், முள் பூச்சியத்தில் நிற்கும். "மெதுவாப் போங்கோ" என்றால் விரலால் முள்ளைக் காட்டுவார்.

நான் படகுத் தொழில்காரன். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் இறங்கித் தள்ள ஏலாது. அதனால் எந்த இஞ்சினைக் கண்டாலும் ஒயிலைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். ஒருநாள் அவரிடமும் கேட்டேன்.

"சம்பந்தியார், இஞ்சின் ஒயில் மாத்தி எவ்வளவு காலம்?"

"காலமோ? ஒயில் என்ன பேக்கரிப் பாணே, நாள் பாக்க? கிலோமீற்றர்தான் கணக்கு. ஐயாயிரத்துக்கு ஒருக்கா." முன் கண்ணாடி மூலையில் ஒயில் மாற்றிய இடத்தில் ஒட்டிவிட்ட ஸ்டிக்கர் இருந்தது. அதைத் தட்டிக் காட்டினார். "அடுத்தது தொண்ணூற்றிரண்டாயிரத்து முந்நூறில மாத்தவேணும் எண்டு எழுதியிருக்கு. மீற்றர் எண்பத்தெட்டாயிரத்து நூற்றிநாப்பது. இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் கிடக்கு."

"மீற்றரைத்தான் நீங்கள் கழட்டி விட்டிட்டீங்களே."

"அது விக்கிறதுக்கு. இது ஒயிலுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ."

இதற்கு மேல் நான் என்ன கதைக்க? அவர் விளங்காத ஆளும் இல்லை. முதல் ஆறு மாதம் ஓடிய தூரத்தை மனதில் வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முப்பத்திரண்டு வருடப் பழக்கம் அவரை வென்றுவிட்டது. மீற்றரில் இருக்கிறதுதான் நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. கார் கேட்டு வந்தவர்களுக்கும் அவர் விற்கவில்லை. "இப்பிடி ஓடாத காரை ஆரும் விப்பாங்களோ?" என்று அவரே விலையைக் கூட்டி ஆட்களைத் துரத்திவிட்டார். ஊரை ஏமாற்றக் கழற்றிய கேபிள். ஊரில் ஒருவரும் ஏமாறவில்லை. கழற்றியவர்தான் ஏமாந்தார்.

இந்த வருடம் சித்திரையில் காரில் சிவப்பு வெளிச்சம் ஒன்று மின்னத் தொடங்கியது. ஒயில் குறைந்தால் எரிகிற வெளிச்சம். கார் ஓடும்போது அணையும், நின்றால் எரியும். தர்மசீலன் அதைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார், மீற்றரை நம்பினார். வெளிச்சத்துக்கு மேல் சின்னதாக ஒரு பிள்ளையார் படம் ஒட்டினார். அது மெல்லிய கடதாசி. சந்தியில் கார் நின்றால் பிள்ளையாருக்குப் பின்னால் சிவப்பாக ஒளி வரும். பக்கத்தில் இருக்கிற அவர் மனைவி சிவகாமிப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொள்வா.

"நிக்கேக்கதான் அருள் வருது, கவனிச்சனீங்களோ?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னா. நான் அவவின் பக்தியைக் கெடுக்கவில்லை.

வைகாசியில் ஜதுசாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு கிராம். சம்பந்தியார் வாழ்நாளில் சொன்ன இலக்கங்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நெற்றி எங்கள் வீட்டு நெற்றி. மூக்கைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. மூக்கு அவர்கள் பக்கம், வளர வளரச் சரியாகிவிடும்.

முப்பத்தோராம் நாள் எங்கள் வீட்டில் பிறப்புத் துடக்குக் கழித்தோம். அடுத்த நாள் பிள்ளை தகப்பன் வீட்டுக்குப் போகவேண்டும். பகல் பன்னிரண்டுக்கு முதல் வாசற்படி ஏறவேண்டும் என்று நேரம் பார்த்திருந்தார்கள். மருமகன் தயா வாடகைக்கு வான் ஒன்று பேசுவோம் என்றார். சம்பந்தியார் துள்ளினார்.

"என்ர பேத்தி முதல் முதல் என்ர வாகனத்தில, என்ர கையால வந்து இறங்கவேணும். வாடகை வானில வர அவள் என்ன வெங்காய மூட்டையோ?"

பாலையூற்றில் அரைவாசிச் சனத்துக்கு அவர் சொல்லியாகிவிட்டது. வாசலில் வாழை கட்டி, பந்தல் போட்டு, தயாவை வீட்டில் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருந்தார். என் மனைவி கனகம்மா பலகாரத்தோடு முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டா. "எனக்கு அந்தக் காரை விட பஸ்காரனைத்தான் நம்பிக்கை" என்று சொல்லிவிட்டுத்தான் போனா.

எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம். முன்னால் அவரும் சிவகாமிப்பிள்ளையும், பின்னால் ஜதுசாவும் பிள்ளையும் நானும். மூதூர் தாண்டும்போது சிவகாமிப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டா.

"இண்டைக்குப் பாருங்கோ. ஓடேக்கயும் பிள்ளையார் நூராமல் எரியிறார். பேத்தியின்ர ராசி!"

நான் காது கொடுத்தேன். இஞ்சினுக்குள் டொக் டொக் என்று ஒரு சத்தம்.

"சம்பந்தியார், காரை ஓரமா நிப்பாட்டுங்கோ. ஒயில் பாப்பம்."

"சும்மா இருங்கோ. நேரம் போகுது."

"மாமா, சத்தம் வருது" என்றாள் ஜதுசா.

"அது ரோட்டுப் பிழை பிள்ளை."

ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். ரோட்டுப் பிழை இன்னும் பலமாகத் தட்டியது. கிண்ணியாவுக்குள் நுழையும்போது கரிந்த மணம் வந்தது, கார் ஒருதரம் குலுங்கியது, பிறகு நின்றது. திறப்பைத் திருப்பினார். இஞ்சின் அசையவில்லை. பிள்ளையார் மட்டும் நல்ல சிவப்பாக எரிந்துகொண்டிருந்தார்.

நேரம் ஒன்பதே முக்கால். கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் போட்டது. ரோட்டோரம் ஒரு மரமும் இல்லை. பிள்ளை கத்தத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்தில் சம்பந்தியாரைக் காருக்கு அடியில் தள்ளியிருப்பேன், அவர் ஏற்கெனவே தானாகக் குனிந்துவிட்டார்.

கொஞ்சத் தூரத்தில் கராஜ் வைத்திருக்கிற கலீலுர் றஹ்மான், வழியால் போன ஒருவர் சொல்லி, தன் ஆட்டோவில் வந்தார். முதல் வேலையாக ஜதுசாவையும் பிள்ளையையும் சிவகாமிப்பிள்ளையையும் கொண்டுபோய்த் தன் வீட்டு நிழலில் இருத்திவிட்டு, திரும்பி வந்துதான் கார் மூடியைத் திறந்தார்.

"கடைசியா எப்ப ஒயில் மாத்தினீங்க ஐயா?"

"எண்ணூற்றி நாப்பது கிலோமீற்றருக்கு முதல்" என்றார் தர்மசீலன், கொஞ்சமும் கண் சிமிட்டாமல்.

"நான் கிலோமீற்றர் கேக்கல்ல. எந்த வருசம்?"

தர்மசீலன் கண்ணாடி மூலை ஸ்டிக்கரைப் பார்த்தார். கலீலுர் றஹ்மான் ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்தார். நுனியில் ஒட்ட ஒன்றும் இருக்கவில்லை. கீழே படுத்து ஒயில் திறக்கிற நட்டைக் கழற்றினார். ஒன்றும் வடியவில்லை. விரலை விட்டு நோண்டினார். கறுப்பாக ஒரு கட்டி வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெயிலில் நீட்டினார்.

"எங்கட ஊர்ல சக்கரையும் தேங்காப்பாலும் விட்டுத் தொதல் கிண்டுற ஆக்கள் இருக்காங்க. அவங்களும் இந்தப் பதத்துக்கு விடமாட்டாங்க ஐயா."

"எண்ணூற்றி நாப்பதுதான் ஓடினது. மீற்றரைப் பாருங்கோ."

கலீலுர் றஹ்மான் மீற்றரைப் பார்த்தார். பிறகு திரும்பவும் கீழே படுத்தார். அடியில் இருந்து அவருடைய சிரிப்பு வந்தது.

"ஐயா, ஆரோ உங்கட மீற்றர் கேபிளைக் கழட்டிக் கட்டி, ஈயத்தில சீலும் குத்தி வச்சிருக்காங்க! களவெடுக்கிறவனும் இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யமாட்டான்."

தன் கேபிளுக்கும் முத்திரை குத்தியிருக்கிறார் மனிதர்! வேறு யாரும் கை வைத்துக் களவு செய்துவிடக்கூடாதே என்று. பதினொரு பேரைப் பிடித்தவர் பன்னிரண்டாவது ஆளைப் பிடிபட விட்டுவிட்டார்.

"மூண்டு வருசமா மாதம் ரெண்டு தரம் எங்கட வீட்டை வாறவர்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "போக வர நூற்றிமுப்பது. அதோட கண்டி, மட்டக்களப்பு."

"அப்ப மூணு வருசத்தில பதினைஞ்சாயிரம் பாஞ்சிருக்கும். மூணு தரம் மாத்தியிருக்கவேணும். ஓடாம நிண்டிருந்தாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தத்தான் வேணும் ஐயா. ஐயாயிரமோ ஆறு மாசமோ, எது முந்துதோ அது. நிக்கிற ஒயிலும் கெட்டுப்போகும். இப்ப ஒயில் மாத்தி வேலையில்ல. இஞ்சினைத்தான் மாத்தணும்."

தயாவுக்கு அழைத்தோம். வான் ஒன்று தேடிப் பிடித்து அனுப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்றார். அப்போதே பதினொன்று. நாங்கள் நிழலுக்குப் போனபோது ஜதுசா பிள்ளையைத் துணியில் சுற்றித் தயாராக நின்றாள்.

"மாமா, இவரின்ர ஆட்டோவில போவம்."

"ஆட்டோவிலயோ? பந்தலில சனம் நிக்குது. என்ர பேத்தி ஆட்டோவில வந்து இறங்கினால் என்னை என்னெண்டு நினைப்பாங்கள்?"

"நினைக்கிறதை நினைக்கட்டும். நேரம் போனால் சனத்தைக் கூட்டி வச்சு என்ன செய்யிற? ஏறுங்கோ."

பின் இருக்கையில் மூன்று பேர் இருக்கலாம். நாங்கள் நான்கு பேர், ஒரு பிள்ளை. நான் இறங்கிக் காரோடு நிற்பேன் என்று சம்பந்தியார் என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே காகத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் கார்த் திறப்பைக் கலீலுர் றஹ்மானிடம் கொடுத்துவிட்டு, ஓரத்தில் ஒற்றைத் தொடையில் ஒட்டிக்கொண்டார். எல்லார் கையும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. அவர் கைகள் மட்டும் சும்மா இருந்தன. ஜதுசா பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

கிண்ணியாப் பாலத்தில் காற்று வந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி அவர் மூக்கைப் பார்த்தாள். தன் மூக்குத்தானே என்று பார்த்திருப்பாள். மனிதர் அசையாமல் இருந்தார். முன்னால் ஆட்டோ மீற்றரில் இலக்கம் ஒவ்வொன்றாகப் புரண்டுகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் அதைப் பார்க்கவே இல்லை. வாழ்க்கையில் அவர் எழுதாமல் விட்ட ஒரே ஓட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கப் பாலையூற்றில் இறங்கினோம். பேத்தி அவர் கையில்தான் படி ஏறினாள். அது அவருக்குக் கிடைத்துவிட்டது, எனக்கு எரிச்சல்தான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்:

"எங்கை ஐயா, உங்கட கார்?"

மனிதர் ஒரு நொடிதான் யோசித்தார்.

"அது ஓடிப் பழக்கமில்லாத கார் தம்பி. மூண்டு வருசமா ஒரு கிலோமீற்றரும் ஓடேல்லை. அதில பச்சைப் பிள்ளையை ஏத்தலாமோ?"

பந்தலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் கனகம்மாவைப் பார்த்தேன். அவ பலகாரத் தட்டை என் கையில் திணித்து என் வாயை அடைத்துவிட்டா.

கார் இப்போது வேறு இஞ்சினோடு ஓடுகிறது. கலீலுர் றஹ்மான் கேபிளையும் பூட்டிவிட்டார். முள் எழும்புவதைக் கண்டு பயந்து சம்பந்தியார் முப்பதுக்கு மேல் போவதில்லை, இப்போது மாடுகள்தான் அவரை முந்திப் போகின்றன. மார்கழியில் பேத்திக்கு முதல் சோறு தீத்த நாள் பார்த்தபோது, "அண்டைக்குத்தான் ஒயிலுக்கும் ஆறு மாதம், காலமை மாத்திப்போட்டு வாறன்" என்றார். மாற்றிப்போட்டுத்தான் வந்தார். நான் கம்பியை இழுத்துப் பார்த்தேன், தேன் நிறத்தில் இருந்தது. ஒயில் பட்ட என் விரலைப் பேத்தி பிடித்து, அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் துடைத்தாள். நெற்றி மட்டுமல்ல, குணமும் எங்கள் பக்கம்தான்.

சிவகாமிப்பிள்ளைக்குத்தான் கவலை. படத்துக்கு முன்னால் சூடம் காட்டிப் பார்த்தா, பூ வைத்துப் பார்த்தா.

"இஞ்சின் மாத்தினதில இருந்து பிள்ளையாருக்கு அருள் வாறதே இல்லை" என்கிறா. "அந்தக் கராஜ்காரன் என்னத்தைக் கழட்டினானோ தெரியேல்லை."