அடைக்கூடையில் செள்ளு

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம், ஒருத்தி வீட்டு முட்டையை இன்னொருத்தியின் கோழியிடம் அடைக்கு வைத்தால் பொரிக்கிற குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு. பக்கத்து வீட்டு அக்கா தன் முட்டைகளை வைக்கோல் போட்ட கூடையோடு கொண்டுவந்து, "உன் கோழி கெட்டிக்காரி கண்ணு" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கூடையிலேயே என் கருங்கோழியை உட்கார வைத்தேன்.

வாரம் திரும்புவதற்குள் கோழியின் கொண்டை வெளுத்துவிட்டது. விடிந்து பார்த்தால் முட்டையை விட்டு இறங்கி மூலையில் நிற்கிறது. தொட்ட கையிலெல்லாம் பொடிப்பொடியாகச் செள்ளு ஊர்ந்தது. ரத்தம் குடிக்கிற சனியன். முட்டை ஆறிப்போனால் குஞ்சு ஏது?

ஆள் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூடை கொடுத்தவள்தான், வேறு யார்? முட்டைகளை ஒரு சட்டிக்கு மாற்றிவிட்டு, கூடையை வேலிக்கு அந்தப்பக்கம் வீசினேன். அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"மொளகுக்கு அடிக்கிற மருந்து இருக்குதுல்ல, கொஞ்சம் அடிச்சா தீந்துச்சு" என்றார் வீட்டுக்காரர். அடைகாக்கிற கோழிமேல் விஷத்தை அடிப்பதாவது. டப்பாவை ஒளித்து வைத்தேன். அவரையும் நம்ப முடியாது.

கோழிக்குச் சாம்பல் பூசினேன், சட்டியில் நொச்சித் தழை போட்டேன். அப்படியும் விடிந்தால் அது மூலையில்தான் நின்றது.

ஒருநாள் காலை, சட்டிக்கு மேலே மற்ற கோழிகள் அடையும் கம்பைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். நசுங்கிய செள்ளின் ரத்தத்தில் துணி சிவந்தது. மிளகுக் கொடிக்கு வெயில் விழ நிழல் மரத்தைக் கழித்தபோது வெட்டிய சில்வர் ஓக் கிளை அது. பட்டையைக்கூடச் சீவாமல் கட்டியிருந்தோம். பட்டையைப் பெயர்த்தால் அடியில் ஊரே குடியிருந்தது. பகலெல்லாம் அங்கே பதுங்கி, இருட்டியதும் இறங்கியிருக்கிறது.

பட்டையை உரித்து எரித்தேன். கம்பின்மேல் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் இண்டு இடுக்கெல்லாம் வேப்பெண்ணெய் பூசினேன். அதற்குப் பிறகு கோழி முட்டையை விட்டு இறங்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் கூடையிலும் ஒன்றிரண்டு இருந்திருக்காது என்று என்ன நிச்சயம்?

குஞ்சுகள் பொரித்தன. அவளுடைய பாதியை ஒரு புதுக் கூடையில் வைத்து நீட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து, இறக்கையைத் தூக்கி, ஊதி ஊதிப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு எல்லாவற்றையும் முந்தானையில் வாரிக்கொண்டாள்.

"கூடை வேண்டாங்க. அது உங்க ஊட்டுலயே இருக்கட்டும்" என்றாள், என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறவள்.

அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப்பக்கம் நான் வீசிய கூடை, விழுந்த இடத்திலேயே கிடந்தது.