உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

காலை ஆறே முக்கால். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்ந்த நேரம் என்பதால் மணியில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெருமுனையில் முதலில் தெரிந்தது ஒரு கைவண்டியின் சக்கரம். பிறகுதான் அதன்மேல் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தியிருந்த பச்சை நிற மோட்டார் சைக்கிள் தெரிந்தது. பெட்ரோல் டாங்கியில் ராணுவம் எழுதிய வெள்ளை எண்கள் பாதி உரிந்துபோயிருந்தன. மாமா முன்னால் இழுத்து வந்தார். அவருடைய சிநேகிதர் பின்னால் தள்ளி வந்தார். ஏறி ஓட்டுவதற்காக வாங்கிய வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றி இழுத்துவருவானேன் என்று அப்பா வாசலிலேயே கேட்டார். வண்டி ஓடும், பெட்ரோல்தான் இல்லை என்றார் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. யுத்தத்தில் ஓடி முடித்த இங்கிலீஷ் வண்டிகளை ராணுவம் ஏலத்தில் கழித்துக்கொண்டிருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தது அம்மாதான். அதனால் ராயபுரத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். சிநேகிதர் காசிமேட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் துறைமுகத்தில் கிரேன்களுக்கு வயர் இழுக்கும் வேலை பார்த்தார். அவரை நாங்கள் வயர்மேன் என்றே கூப்பிட்டோம்.

பெட்ரோல் ஊற்றியதும் எஞ்சின் மூன்றாவது உதையில் கிளம்பியது. தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் விளக்கு எரியவில்லை, ஹாரனும் ஊதவில்லை. எஞ்சினுக்கு வேண்டிய நெருப்பை அது தானே மாக்னெட்டோவில் உண்டாக்கிக்கொள்ளும், விளக்குக்கும் ஹாரனுக்கும் பேட்டரி வேண்டும், அந்த பேட்டரியை நிரப்பவேண்டிய டைனமோ யுத்தத்திலேயே உயிரை விட்டுவிட்டது என்று வயர்மேன் விளக்கினார். டைனமோவுக்கு உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் கரிந்திருந்தன. ஆகவே வாரம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி, வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் சார்ஜ் போட்டு வாங்கிவருவது என்று ஏற்பாடாயிற்று. சார்ஜ் போட்டு வந்த பேட்டரியை மாட்டிய பிறகும் விளக்கு எரியவில்லை.

பழுது பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டு முற்றத்தில். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா. நான் பிடித்தால் உயரம் போதவில்லை. அப்பா அந்த வண்டி நின்ற பக்கமே வரமாட்டார். வயர்மேன் முதலில் பல்பைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் வயரைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் அறுந்திருக்கவில்லை. இப்படியே வெகுநேரம் போனபின் அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

“போறதுக்கு ஒரு வயர் இருக்கு. திரும்பி வர்றதுக்கு?”

வயர்மேன் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். “கேட்டியா நைனா? நீயும் இவ்ளோ நேரமா என்கூட குந்திகினு கீற, ஒரு தபா கேட்டியா?” பிறகு அம்மாவிடம் சொன்னார்: “வண்டியோட எலும்புதாங்க்கா திரும்பி வர்ற வயரு. பேட்டரில ஒரு காம்பு விளக்குக்குப் போவுது. இன்னொரு காம்பு ஃபிரேமைப் புடிச்சிகினு கீது. அந்தப் புடி வுட்டுப்போச்சின்னா எல்லாம் வுட்டுப்போச்சி.”

பிடி எங்கே விட்டிருந்தது என்பதும் உடனே தெரிந்தது. ராணுவப் பச்சையை மறைப்பதற்காக, வயர்மேன் கொண்டுவந்து கொடுத்த படகுப் பெயிண்டை மாமா வண்டி முழுக்கக் கறுப்பாக இரண்டு பூச்சு பூசியிருந்தார். போல்ட்டு, நட்டு, வயர் வந்து சேரும் இடம் என்று ஒன்றையும் விடவில்லை. கடல் தண்ணீரையே உள்ளே விடாத பெயிண்ட் மின்சாரத்தை எப்படி விடும்? வயர்மேன் கத்தியால் ஓர் இடத்தில் மட்டும் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் வயரை மறுபடி மாட்டினார். விளக்கு எரிந்தது. அம்மா அந்த இடத்தை அரிக்கேனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பெயிண்ட் கொடுத்தவரும் பூசியவரும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டே டீ குடிக்கப் போனார்கள்.

அதன் பிறகு மாமா வாரத்தில் சில மாலைகள் வேலை முடிந்து வந்து, சாப்பிடாமலே எண்ணூருக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரிப் பள்ளிக்கூடம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அவருடைய தொழிற்சாலைச் சங்கத்து ஆட்களை வழக்கு எதுவும் இல்லாமலே பிடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், மிச்சம் இருந்தவர்கள் எண்ணூரில் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கூடினார்கள் என்பதும், மாமாவின் வண்டியில் போனது பாடப்புத்தகம் அல்ல, அச்சடித்த நோட்டீஸ் என்பதும் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. அம்மாவுக்கு அப்போதே தெரியும். அந்த மாலைகளில் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை அவள் சாப்பிடமாட்டாள். அவளுக்கு வயிறு சரியில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் இப்படிப் போனது. ஒருநாள் விளக்கு மறுபடியும் எரியவில்லை. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விளக்கில்லாத வண்டியைத் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் போலீஸ்காரர் கட்டாயம் நிறுத்துவார். நிறுத்தினால் பையைத் திறப்பார். ஆகவே மாமா வீட்டிலேயே தங்கினார். உப்புக்காற்று என்றாள் அம்மா. எங்கள் பேட்டையில் இதைவிட நம்பகமான காரணம் கிடையாது. கதவுத் தாழ்ப்பாள் இறுகியது, இரும்புப் பெட்டி துருப்பிடித்தது, அப்பாவின் கைக்கடிகாரம் நின்றது எல்லாம் உப்புக்காற்றினால்தான். மாமா பல்பை மாற்றினார், சுரண்டிய இடத்தை மறுபடி சுரண்டினார், பேட்டரியை வயர் முனைகளிலுள்ள கவ்விகளோடே வண்ணாரப்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்தார். கவ்வியைத் திறப்பதும் மறுபடி மாட்டுவதும் கடைப்பையன் வேலை. மாட்டிய அன்று எரியும், மறுநாள் எரியாது. அந்தக் கூட்டங்களுக்கு வயர்மேன் மட்டும் சைக்கிளில் எண்ணூர் போய்வந்துகொண்டிருந்தார். அவருக்குத் துறைமுகத்தில் இரட்டை ஷிஃப்ட். வந்து பார்க்க நேரமில்லை.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்று மாலை எல்லோரும் கூடியே ஆகவேண்டும், தன்னையும் வண்டியிலேயே கூட்டிப்போகவேண்டும் என்று மாமாவிடம் சொன்னார். அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வயர்மேன் வழக்கம்போல் பல்பிலிருந்து ஆரம்பித்தார். பிறகு ஒரு தனி வயரை எடுத்து, ஒரு முனையை ஃபிரேமில் சுரண்டிய இடத்திலும் மறு முனையை பேட்டரிக் காம்பின் தலையிலும் வைத்தார். விளக்கு எரிந்தது.

“எலும்புல வியாதி இல்ல. இந்தக் கவ்விலதான் கீது,” என்றார். காம்பைக் கவ்வியிருந்த பித்தளைக் கவ்வியின் திருகைத் தளர்த்தி மேலே எடுத்தார்.

ஈயக் காம்பைச் சுற்றி ஒரு பட்டை இருந்தது. காய்ந்த வாழைச்சருகு. சாயங்காலம் பூக்காரி எங்கள் வீட்டுக்கு முல்லைச் சரத்தைச் சுற்றிக்கொடுப்பது அந்த மாதிரிச் சருகில்தான். இதைக் காம்பின் உயரத்துக்கு அளந்து, கத்தரிக்கோலால் ஓரம் கோணாமல் வெட்டி, இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே செருகியிருந்தது. அம்மா அக்கம்பக்கத்தில் ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். அவள் வெட்டுகிற துணியின் ஓரம் எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வயர்மேன் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது காத்துல வந்து குந்திகினது இல்ல நைனா,” என்றார். “எங்க ஃபோர்மேன்கூட இவ்ளோ நேக்கா சுத்த மாட்டாரு.”

மாமா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வயர்மேன் கவ்வியை மாட்டி முறுக்கி, ஸ்விட்சைத் திருப்பினார். மத்தியான வெயிலில் விளக்கு மஞ்சளாக எரிந்தது. காசிமேட்டுக்குப் போய்க் குளித்து, தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வருவதாகக் கிளம்பினார். மாமா ஸ்விட்சை அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். விளக்கு எரிவதைப் பார்த்தாள், தம்பியின் கையைப் பார்த்தாள். மாமாவும் அவளைப் பார்த்தார். இடுப்பிலிருந்த குடத்தை அவள் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சமையல் உள்ளுக்குப் போய்விட்டாள். உள்ளே குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்க நேரமாயிற்று.

சற்றுப் பொறுத்து மாமா எழுந்து விளக்கை அணைத்தார். ஸ்பானரை எடுத்துக் கவ்வியைத் தளர்த்தினார். சருகைக் காம்பில் சுற்றினார். அவர் சுற்றியது அம்மா சுற்றியதைப்போல் இல்லை, ஒரு பக்கம் மேலே ஏறிவிட்டது. அதன்மேல் கவ்வியை வைத்து இறுக்கினார்.

“இப்பத்தானே மாமா எரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“உனுக்கு வீட்டுப்பாடம் இல்ல? போய் எழுது, போ.”

வயர்மேன் சொன்ன நேரத்துக்கு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுப் போவதாக ஏற்பாடு. மாமா வண்டியை வாசலில் இறக்கி நிறுத்தி ஸ்விட்சைத் திருப்பினார். எரியவில்லை. திரும்பவும் திருப்பினார்.

“மறுபடியும் போச்சி,” என்றார்.

வயர்மேன் விளக்கைப் பார்த்தார். பிறகு பேட்டரி இருந்த பக்கம் பார்த்தார். ஆனால் குனியவில்லை. கிரேனோ கைவிளக்கோ, எது கெட்டுப்போனாலும் கேட்பதற்கு முன்பே குனிந்துவிடுகிற மனுஷர் அவர்.

“உப்புக்காத்து நைனா,” என்றார். “நீ இன்னா பண்ணுவ.”

சைக்கிளின் எண்ணெய் விளக்கை ஏற்றி மாட்டிக்கொண்டார். வாசற்படியில் நின்ற அம்மாவிடம், போய்ட்டு வரேங்க்கா என்றார். அம்மா பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தெருமுனை திரும்பும்வரை மாமா வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

எனக்கு வயர்மேன் மேல் கோபமாக வந்தது. இரண்டு சுற்று திருகினால் தீர்ந்துவிடும் என்று எனக்கே தெரிந்திருந்தது. இத்தனை வயர் வேலை தெரிந்தவருக்கு அது தோன்றாமல் போனது எப்படி என்று படுத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று எண்ணூரில் கூடியவர்களை விடிவதற்குள் பிடித்துக்கொண்டு போனார்கள். வயர்மேன் திரும்பி வரும்வரை காசிமேட்டில் அவருடைய அம்மாவுக்கு ரேஷன் அரிசி கொண்டுபோய்ப் போட்டது மாமாதான். ஞாயிற்றுக்கிழமைகளில், பகலில், அந்த வண்டியில் போனார்.