கோப்பில் ஒரே ஒரு 'நான்'

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் 'கமா டீச்சர்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். அவருக்கு ஊசி போடத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். முதலாண்டு மாணவிகளுக்கு வார்டுக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுப்பது மட்டுமே அவர் வேலை. வாரத்துக்கு மூன்று வகுப்பு.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். இனி அந்தப் பிரிவே வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. மருத்துவமனைக்கு அப்போது வேறொரு தலைவலி. ஒரு ஷிப்டில் இருந்தவர்கள் எழுதிவைத்ததை அடுத்த ஷிப்டில் வந்தவர்களால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. "நோயாளியைப் பாக்கறதா, இதுக்கு உரை எழுதறதா" என்று டாக்டர்கள் சலித்துக்கொண்டார்கள். யாரோ இவரைக் கைகாட்ட, வேலை கிடைத்துவிட்டது.

முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். ஒரு வார்டுக் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்தது.

மதிய மாத்திரை கொடுக்கவில்லை வாந்தி எடுத்ததால் டாக்டரிடம் சொல்லப்பட்டது

"வாந்தி எடுத்ததால மாத்திரை கொடுக்கலையா, வாந்தி எடுத்ததால டாக்டர்கிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "புள்ளியை எங்க வைக்கிறீங்களோ அங்க நோயாளியோட கதை மாறுது" என்றார். அன்றைக்கு அவருக்கே தன் வேலைமேல் ஒரு மரியாதை வந்தது.

அவர் சொன்ன விதிகள் மூன்றுதான். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. செய்தி முடிந்ததும் புள்ளி. யார் செய்தது என்பதை முதலில் சொல். மூன்றாவது விதியில் ரொம்பக் கறாராக இருந்தார். கட்டப்பட்டது, கொடுக்கப்பட்டது, அளிக்கப்பட்டது என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் காலி. "பட்டது பட்டதுன்னா யார் பட்டது? ஆளைச் சொல்லுங்க" என்பார். மாணவிகள் விடுதியில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதுகூட "தட்டு கழுவப்பட்டது" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்களாம்.

அந்த வகுப்பில் ஒருத்திக்கு 'ரயில்' என்று பட்டப்பெயர். முதல் மாதம் அவள் எழுதிய வாக்கியங்கள் பக்கம் முழுக்கப் போயும் எங்கேயும் நிற்காது. பெயர் வைத்தது டீச்சரேதான், விளையாட்டாக. ஆறு மாதத்தில் அவள் எழுத்து தலைகீழாக மாறிவிட்டது. சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒவ்வொன்றின் வாலிலும் கச்சிதமாக ஒரு புள்ளி. அவள் தாளை டீச்சர் மற்ற வகுப்புகளுக்கும் எடுத்துப்போய்க் காட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி முதல்வர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். முதல்வர் நிதானமானவர், குரல் உயர்த்தாதவர். மேசைமேல் ஒரு தாள் இருந்தது.

"டீச்சர், உங்களால ஒரு சின்ன மொழித் திருத்தம் ஆகணும்" என்றார்.

அது ரயில் எழுதிய சம்பவ அறிக்கை. இடுப்பு எலும்பு அறுவை முடிந்து எலும்பு வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவர், முந்தைய நாள் பிற்பகல் கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார். பெரியவர் விழுந்தபோது அந்தக் கட்டில் வரிசையில் பயிற்சிக்கு நின்றவள் ரயில்.

டீச்சர் படித்தார். 'நான் கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தவில்லை. நோயாளி கீழே விழுந்தார்.'

முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிழையே இல்லை. அடுத்த நொடியே அந்தப் பெருமைக்காகக் கூச்சப்பட்டார்.

"இந்த 'நான்' வேணாம்" என்றார் முதல்வர். "பொதுவா எழுதிடலாம். 'பக்கக் கம்பி உயர்த்தப்படாத நிலையில் நோயாளி விழ நேரிட்டது' அப்படின்னு. அந்தப் பொண்ணுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அவளை வெளிய அனுப்பற மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க. நீங்க சொன்னா அவ மாத்தி எழுதுவா."

இந்த மாதிரி வாக்கியங்களை டீச்சர் நாளிதழில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார், கூட்டத்தில் தள்ளுமுள்ளு ஏற்பட்டது, தடியடி நடத்தப்பட்டது என்று. அரை நிமிடத்தில் எழுதிக்கொடுத்துவிடலாம். பேனாவைக்கூட எடுத்தார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

அவர் கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டுத்தான் புரிந்துகொள்வார், கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பழகிய பழக்கம். சாப்பிடும்போது டீச்சர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"முதல்வர் எழுதச் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு சொல்ல முடியாதுங்க."

"அந்தப் பொண்ணு எழுதினது?"

"அதுவும் உண்மைதான்."

"ரெண்டும் உண்மைன்னா எது லேசோ அதை எழுதிட்டுப் போக வேண்டியதுதான?"

"மாத்தி எழுதினா நான் ஆறு மாசமா சொல்லிக்கொடுத்தது பொய்யாயிடும். மாத்தலன்னா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவா."

"இதுல என்னைக் கேட்டா எப்படி? நீதான டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கணவர் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் இடைவேளையில் டீச்சர் ரயிலைத் தேடிப் போனார். அவள் துணி மடிக்கும் அறையில் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. வார்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் எழுதினதுல தப்பு இருக்கா டீச்சர்?"

"எழுத்துல தப்பு இல்லம்மா. என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை வாயால சொல்லு."

அவள் சொன்னாள். அவள் அந்தக் கட்டிலுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோதே கம்பி கீழேதான் இருந்தது. யார் இறக்கினார்கள் என்று தெரியாது. பெரியவர் குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்க் கட்டிலில் கூப்பிட்டார்கள், போனாள். திரும்பிப் பார்ப்பதற்குள் சத்தம் கேட்டது.

டீச்சருக்குக் கொஞ்சம் குழம்பியது. "அப்ப ஏன் 'நான் உயர்த்தவில்லை'ன்னு எழுதின? நீ இறக்கலையே."

"மொதல்ல 'கம்பி உயர்த்தப்படாமல் இருந்தது'ன்னுதான் எழுதினேன் டீச்சர். அதுல 'படாமல்' வந்துருச்சு. நீங்க அரை மார்க் குறைப்பீங்களேன்னு பழக்கத்துல அடிச்சிட்டேன். அப்புறம் யாருன்னு போடணும்ல. தெரியாம வேற ஒருத்தங்க பேரை எப்படிப் போடறது? அதான் என்னையே போட்டேன்."

டீச்சர் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். 'கம்பி கீழே இருந்தது.' மூன்றே வார்த்தை. அதில் பட்டதும் இல்லை, யார் என்ற வழக்கும் இல்லை. இப்படியும் எழுதலாம் என்று ஆறு மாதத்தில் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. யார், யார் என்று மட்டுமே விரட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு அந்தப் புள்ளி வேறு. நான் உயர்த்தவில்லை, புள்ளி, நோயாளி விழுந்தார். நடுவில் 'அதனால்' என்ற சொல்லே இல்லை. ஆனால் படிக்கிற எல்லோருக்கும் அது கேட்கிறது.

"சரி, அதையே எழுதிக் கொடு. 'நான் வந்தபோது கம்பி கீழே இருந்தது'ன்னு. நான் முதல்வர்கிட்ட பேசறேன்."

அவள் உடனே தலையாட்டவில்லை. ஓர் உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஆனா நான் கம்பியைப் பாத்தேன் டீச்சர். கீழ இருக்கேன்னு நினைச்சேன். தண்ணி குடிச்சதும் தூக்கிவிடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன். அதனால 'நான்'னு போட்டதுதான் சரியோன்னும் தோணுது."

டீச்சர் துணி மூட்டையிலிருந்து எழுந்தார்.

வகுப்புக்குப் போகாமல் எலும்பு வார்டுக்குப் போனார். பெரியவர் மாவுக்கட்டுக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். பள்ளியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பற்றிக் கேட்டார்.

"இந்தக் கம்பியாம்மா? இது ரோட்டை மறைக்கும். நானேதான் இறக்கியிருப்பேன்" என்றார் பெரியவர். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "இல்ல, காலையில காலை மடக்கி நீட்டச் சொல்ல ஒருத்தர் வருவாரு, அவரு இறக்கினாரோ என்னவோ. அது ஞாயித்துக்கிழமையா? சரியா சொல்ல முடியலம்மா."

"உங்ககிட்ட யாரும் கேக்கலையாங்க?"

"பையன்கிட்ட கேட்டாங்க. அவன் அப்ப இங்க இல்ல."

விசாரணை அன்று மதியம். நீள மேசையில் முதல்வர், எலும்பு டாக்டர், ஹெட் சிஸ்டர். ஹெட் சிஸ்டர் முப்பது வருட அனுபவம் உள்ளவர், யாருக்கும் பயப்படாதவர். ரயில் சுவரோரம் நின்றாள். அழைக்காமலேயே டீச்சர் உள்ளே போய், "அந்த 'நான்' என்னால வந்ததுங்க" என்று ஆரம்பித்தார். அரை மதிப்பெண், 'படாமல்', எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

ஹெட் சிஸ்டர் கடைசிவரை கேட்டார். "அப்ப இந்த அறிக்கையை எழுதினது அவளா, நீங்களா?"

"அவதான். ஆனா..."

"இவ கம்பியைத் தூக்கினாளா, இல்லையா?"

"தூக்கல."

"அதைத்தான எழுதியிருக்கா? இதுல உங்களுக்கு என்ன குழப்பம்?"

டீச்சர் பெரியவர் விழுந்த நாளின் கோப்பைக் கேட்டு வாங்கினார். காலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு குறிப்பாக வாய்விட்டுப் படித்தார். உடம்பு துடைக்கப்பட்டது. பயிற்சி அளிக்கப்பட்டது. விரிப்பு மாற்றப்பட்டது. உணவு வழங்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் கம்பியை யாராவது இறக்கியிருக்க வேண்டும், ஏற்றியிருக்கவும் வேண்டும். ஆள் பெயர் எங்கும் இல்லை. அத்தனை பக்கத்திலும் 'நான்' என்று எழுதியிருந்தவள் ஒருத்திதான். அவளைத்தான் நிற்கவைத்திருந்தார்கள். பெரியவர் சொன்னதையும் டீச்சர் சொன்னார். சொல்லி முடித்ததும் அறையில் இருந்த குழப்பம் குறையவில்லை, கூடியது.

எலும்பு டாக்டர் ரயிலிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "உனக்குத் தெரிஞ்சதையும் தெரியாததையும் எழுதும்மா. டீச்சரைப் பாக்காம எழுது."

அவள் எழுதினாள். 'நான் தண்ணீர் கொண்டுபோனேன். கம்பி கீழே இருந்தது. யார் இறக்கினார் என்று எனக்குத் தெரியாது. பிறகு உயர்த்தலாம் என்று நினைத்தேன். எதிர்க் கட்டிலில் கூப்பிட்டார்கள். போனேன். மறந்துவிட்டேன். நோயாளி விழுந்தார்.'

டாக்டர் இரண்டு முறை படித்தார். "இப்ப இது யார் தப்பு?" என்று கேட்டார். ஹெட் சிஸ்டர் தாளை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார்.

கடைசியில் அந்தத் தாளையே கோப்பில் வைத்தார்கள், மகனுக்கும் ஒரு நகல் போனது. ரயிலை வெளியே அனுப்பவில்லை. பத்து நாள் வார்டுக்கு வரக் கூடாது, பழைய கோப்பு அறையில் வேலை என்றார்கள். அது தண்டனையா, ஓய்வா என்று அவளுக்கும் புரியவில்லை. பெரியவரின் மகன் நகலை வாங்கிப் படித்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாராம். முதல்வர் அதன் பிறகு டீச்சரைப் பார்த்தால் புன்னகைப்பார், ஆனால் பேச்சுக்கொடுப்பதில்லை.

டீச்சர் பல நாள் இதையே மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்றினாரா, மாட்டிவிட்டுப் பிறகு பாதி மீட்டாரா? முதல்வர் சொன்னபடி எழுதியிருந்தால் யாருக்கு நஷ்டம்? கணவரிடம் கேட்டால், "கேள்வி தெளிவா இருக்கு, பதில்தான் இல்ல" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்றும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு புது மாணவிகள் வந்தார்கள். இரண்டு விதிகளைப் பலகையில் எழுதினார். மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியவர், 'யார் செய்தது என்று சொல்' என்று எழுதி, 'தெரிந்தால்' என்று சேர்த்து, பிறகு அந்தச் சொல்லை மட்டும் அழித்தார்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "தெரியலன்னா என்ன எழுதறது டீச்சர்?"

"தெரியலன்னு எழுது."

"அதுக்கு மார்க் குறைப்பீங்களா?"

"குறைக்க மாட்டேன்."

"அப்ப தெரிஞ்சவங்களும் தெரியலன்னு எழுதிட்டா?"

நல்ல கேள்வி என்று சொல்லி உட்காரவைக்கலாம் என்று டீச்சர் நினைத்தார். ஆனால் அந்தப் பெண் நோட்டைத் திறந்து, பேனாவைத் தாளில் ஊன்றிப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார் டீச்சர். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. டீச்சர் காற்புள்ளிப் பாடத்தை எடுத்தார். அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை.