நிற்க மறுத்த டிரம்

மதுரைப் பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது, "பால்கோவா வாங்கிட்டு வாரேன்" என்று இறங்கிய என் மாமா திரும்ப ஏறவில்லை. நானும் அவர் மகளும் பின்னாலேயே இறங்கிப் போய்ப் பார்த்தால், நிலையத்துப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். கையில் பால்கோவாவும் இல்லை. அவர் தொண்டையில் வந்த புற்றுநோய்க்கு அன்று மதுரையில் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். "நல்லது கெட்டது பாக்காம எரிப்பானாம். நான் வரல" என்றார். ராஜபாளையத்து நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். எந்த இயந்திரமானாலும் அது ஓடும் விதம் தெரியாமல் கிட்டே போகமாட்டார்.

மகள் உயிரணு ஆராய்ச்சி செய்பவள். துணைக்கு வந்த என்னுடைய அறிவியலோ, 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்' என்ற ஒரே வரி. பள்ளியில் அதற்கு ஒரு மதிப்பெண் வாங்கினேன்; அதன்பிறகு அந்த வரியால் எனக்கோ, என்னால் அந்த வரிக்கோ எந்த நன்மையும் இல்லை. மீதியை அவள்தான் அடுத்த பேருந்து வருவதற்குள் சொன்னாள். கதிர் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏ இழையை அறுக்கும். செல் அதை ஒட்டப் பார்க்கும். ஒட்ட முடியாத அளவுக்கு அறுந்துபோனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சேதி போகும். அதன் சுவரில் சில புரதங்கள் துளை போட, உள்ளே ஆற்றல் உண்டாக்க உதவிக்கொண்டிருந்த இன்னொரு புரதம் வெளியே கசியும். அது வெளியே வந்துவிட்டால் செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு சாகும். வாழவைப்பதும் முடித்துவைப்பதும் ஒரே ஆசாமி என்று பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னபோது நான் தூங்கியும் இருக்கலாம்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம கோன் சுத்துற மிசின் மாதிரில்லா இருக்கு. நூல்ல பழுது வந்தா சென்சார் பாத்து வெட்டி ஒட்டும். திரும்பத் திரும்ப வந்தா கோனச் சுத்துற டிரம்மே நின்னு செவப்பு லைட்டு எரியும். சரி, எனக்குள்ள ஏன் நிக்கல?"

"தொளை போட விடாமத் தடுக்குற புரதமும் இருக்குப்பா. சில புத்துநோய்ல அது கூடிப்போயிரும். கெட்டுப்போன செல் சாகாம ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஒருக்க, டிரம் நிக்குது நிக்குதுன்னு சூப்பர்வைசர் கத்துனான். நான் சென்சார் செட்டிங்கத் தளத்தி விட்டேன். பொறவு லைட்டே எரியல. பழுதோட போன நூல் அம்புட்டும் வாங்குனவங்கிட்டருந்து திரும்பி வந்துச்சு. பழிய அடுத்த ஷிப்டுக்காரன் மேல போட்டேன்." மகளைப் பார்த்தார். "ஏட்டி, இதயும் நாந்தான் தளத்துனேனா? பொகையில போட்டு?"

அப்பாவிடம் பொய் சொல்லிப் பழகாதவள் அவள். "பொகையிலைக்குப் பங்கு இருக்குப்பா. எம்புட்டுன்னு யாராலயும் சொல்ல ஏலாது."

"கதிரு வச்சா நிக்குமா?"

"எல்லாம் நிக்கும்னு சொல்லமாட்டேன். தடுப்ப மீறி நிக்கட்டும்னுதான் திரும்பத் திரும்ப வைக்காங்க. நல்ல செல்லும் அடிபடும். ஆனா அதுக்கு ஒட்டிக்கிடத் தெரியும்."

ஆறுதலாக ஏதாவது சொல்வோமே என்று, "மாமா, இந்த மைட்டோகாண்ட்ரியாங்கிறது..." என்று நான் தொடங்கினேன். "ஏலே, நீ சும்மா இரி" என்றவர் எழுந்து, வந்து நின்ற பேருந்தில் எங்களுக்கு முன்னால் ஏறினார்.

கதிர்வீச்சு முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மாமாவின் குரல்தான் கரகரப்பாகிவிட்டது. பரிசோதனைக்கு இப்போதும் மூவருமாகத்தான் போகிறோம். போன தடவை டாக்டர் ஸ்கேனை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றார். நானும் மகளும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னை மட்டும் தனியே இழுத்தார்.

"லைட்டு எரியலன்னா மிசின் நல்லாருக்குன்னுதான் மாப்ளே, அன்னைக்கு சூப்பர்வைசர்கிட்ட நானும் சொன்னேன்."